சர்ஃப்மர் எங்கே போனது?

அன்புள்ள தம்பிக்கு,

மெத்தக்ரிலேட் முனை கொண்ட சர்ஃப்மரை, அதாவது தானும் பலபடியில் பிணையக்கூடிய சோப்பைப் போட்டும் உன் அக்ரிலிக் படலம் தண்ணீரில் வெளுக்கிறது என்று எழுதியிருந்தாய். சோப்பின் இரட்டைப் பிணைப்பு முழுவதும் வினைபுரிந்துவிட்டதாக என்.எம்.ஆர். காட்டுகிறது, பிறகும் ஏன் இப்படி என்று கேட்கிறாய். வினைபுரிந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறாய். வினைபுரிந்து எங்கே போனது என்று பார்க்கவில்லை.

சாதாரண சோப்பு, லேட்டக்ஸ் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கும். படலம் காயும்போது அது விலகித் துகள்களுக்கு இடையிலும் மேற்பரப்பிலும் சேரும், அங்கே தண்ணீரை இழுத்து வெளுக்க வைக்கும். சர்ஃப்மர் அப்படி விலகாமல் பலபடிச் சங்கிலியோடு பிணைய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும். ஆனால் தொடக்கத்திலேயே பிணைந்துவிட்டால் துகள் மேலும் வளரும்போது அது உள்ளே புதைந்துபோகும். நீர்நிலையிலேயே தன்னோடு தானே சேர்ந்தால் கரையும் பாலிஎலக்ட்ரோலைட்டாகி, துகள்களுக்கு வெளியே உள்ள நீரான சீரத்தில் தங்கி, படலத்துக்குள் வந்து மறுபடியும் தண்ணீரைக் குடிக்கும். இரண்டிலும் என்.எம்.ஆர். உனக்கு நல்ல செய்தியையே சொல்லும்.

ஷூன்ப்ரூடும் அசுவாவும் 1990களில் ஸ்டைரீன், பியூட்டைல் அக்ரிலேட், அக்ரிலிக் அமிலக் கலவையில் மூன்று எதிர்மின் சர்ஃப்மர்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வைத் தேடிப் படி. மெத்தக்ரிலேட் அவசரக்காரன், குரோட்டனேட் மிகவும் மந்தம், மெலியேட் தனியாகப் பலபடியாகாது, ஆனால் வேறு மோனோமரோடு சேர்ந்துகொள்ளும். தொடக்கத்தில் மெதுவாகவும் கடைசியில் முழுமையாகவும் பிணைவதே நமக்கு வேண்டியது. என் கணிப்பில் மெலியேட்டைவிடச் சரியான தொடக்கம் உனக்கு இல்லை. அல்லைல் வகைகள் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அல்லைல் ரேடிக்கல் நிலையானது என்பதால் சங்கிலி அங்கே நின்றுவிடும், வினை மந்தமாகும்.

சர்ஃப்மரை மாற்றும் முன் சேர்க்கும் நேரத்தை மாற்றிப் பார். விதைத் துகளில் தொடங்கி, மோனோமரைப் பட்டினி நிலையில், போட்டது உடனே தீரும்படி ஊற்றிக்கொண்டே வந்து, சர்ஃப்மரின் பெரும்பகுதியைக் கடைசிக் கட்டத்துக்கு வை. இடையிடையே மாதிரி எடு. மையவிலக்கியில் சீரத்தைப் பிரித்து, அதில் கட்டற்ற சோப்பு எவ்வளவு, பாலிஎலக்ட்ரோலைட் எவ்வளவு என்று அள. பிறகு லேட்டக்ஸைக் கழுவி, அயனி மாற்றி, மின்கடத்தல் தரம்பார்த்தல் செய். பரப்பில் கண்டதையும் சீரத்தில் கண்டதையும் போட்டதிலிருந்து கழித்தால் மீதி புதைந்தது. பெர்சல்பேட் தொடக்கியும் சங்கிலி முனையில் சல்பேட்டை விட்டுச் செல்லும், ஆகவே அதே தொடக்கியோடு சர்ஃப்மர் இல்லாத ஓட்டம் ஒன்றும் கட்டாயம் தேவை. இதைச் செய்யாமல் வெளியிடப்படும் பரப்பு மின்சுமைக் கணக்குகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நுண்பால்மத்தைப் பற்றியும் கேட்டாய். அங்கே நிலைமை வேறு. சோப்பின் அளவு மோனோமருக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், ஆகவே பலபடியாகாத சோப்பு பொருளில் பெரும்பங்காகத் தங்கிவிடும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கான் லியோங் மிங் குழுவினர், நீரும் எண்ணெயும் பின்னிக்கிடக்கும் இருதொடர் நுண்பால்மத்தில் வினைபுரியும் சர்ஃபக்டன்டைக் கொண்டு, அந்தப் பின்னலை அப்படியே திடமாக்கி நுண்துளைப் பொருள்களைச் செய்தார்கள். அந்த அமைப்பு பலபடியாகும்போது கலைந்து பருத்துவிடாமல், குறுக்குப் பிணைப்பான் துணையோடு சர்ஃபக்டன்ட் இறுக்கிப் பிடித்தது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. அங்கே சீக்கிரம் பிணைவது நன்மை, உன் லேட்டக்ஸில் அதுவே கேடு. ஒன்றில் கற்றதை மற்றதில் அப்படியே வைக்காதே.

இன்னொன்று: சல்பேட் தலை அமிலச் சூழலில் நீராற்பகுப்படையும். உன் தொட்டியில் பிஎச் இறங்குவதாக எழுதியிருக்கிறாய். சோடியம் பைகார்பனேட் போட்டுப் பார், அல்லது சல்போனேட் தலை உள்ளதைத் தேர்ந்தெடு.

முதலில் கைவசம் உள்ள லேட்டக்ஸின் சீரத்தைப் பிரித்துப் பார்த்து எண்களை எழுது. மெலியேட் வாங்குவதைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்