பயம் அழிவதில்லை, அடங்குகிறது



1924 செப்டம்பரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை வெள்ளம் சூழ்ந்தது. நாய்களை வைத்து ஆய்வு செய்த விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூடத்திலும் தண்ணீர் புகுந்தது. கூண்டில் தத்தளித்த நாய்களைக் கடைசி நேரத்தில்தான் மீட்டார்கள். அதன்பின் சில நாய்கள், பழகியிருந்ததையெல்லாம் மறந்து நடுங்கின. மெல்லத் தேறிய ஒரு நாயின் அறைக்குள் கதவிடுக்கு வழியாகச் சிறிது தண்ணீரைக் கசியவிட்டார்கள். பழைய நடுக்கம் அப்படியே திரும்பியது.

2004 டிசம்பர் 26-ல் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்டவர்கள் நம் கரையோர ஊர்களில் உண்டு. விபத்தில் தப்பியவர்களும் உண்டு. அவர்கள் வருடங்கள் கழித்து நடுங்கினால் "ஈமான் பலவீனம்" என்கிறோம். இது அநியாயம். கைத்தடி பாம்பானபோது மூஸா நபி (அலை) அவர்களே அஞ்சி ஓடியதைத் திருக்குர்ஆன் கூறுகிறதே!

மூளையில் நடப்பது இதுதான். பாதாம் பருப்பு வடிவிலான 'அமிக்டலா' ஆபத்தையும், அதோடு சேர்ந்து வந்த ஓசை, வாசனை, இடம் ஆகியவற்றையும் முடிச்சுப் போட்டு வைக்கிறது. ஒரே தடவை போதும். பிறகு ஆபத்து இல்லாமலேயே அந்த ஓசை பலமுறை கேட்டால், நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி "இப்போது ஆபத்தில்லை" என்ற புதுப் பாடத்தைக் கற்று அமிக்டலாவை அடக்குகிறது. பழைய பாடம் அழிவதில்லை. அதன்மேல் புதியது அமர்கிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயில் இந்த அடக்கும் சக்தி குறைந்துவிடுகிறது.

புதுப் பாடத்துக்கு ஒரு குறை உண்டு. கற்ற இடத்தோடு அது ஒட்டிக்கொள்ளும். மருத்துவர் அறையில் அடங்கிய பயம் வேறோர் இடத்தில், பல மாதம் கழித்துத் தலைதூக்கலாம். அப்போது "சிகிச்சை வீண்" என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது. பயம் திரும்புவது தோல்வியல்ல. இன்னும் சில இடங்களில் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

நாம் பாசத்தால் செய்யும் தவறு ஒன்றுண்டு. கடல் பக்கமே போகாதே, பஸ்ஸில் ஏறாதே, அந்தப் பேச்சை எடுக்காதே என்று காப்பாற்றுகிறோம். அப்போதைக்கு நிம்மதிதான். ஆனால் மூளை எதையும் புதிதாகக் கற்க வழியில்லாமல் போகிறது. அதற்காகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடல் முன் நிறுத்துவதும் கூடாது. அது இன்னொரு அதிர்ச்சி. பயிற்சி பெற்றவர் துணையோடு, படிப்படியாக, அவர் சம்மதத்தோடு நடக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த முறையில் பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள்.

ஓதிப் பார்ப்பதும் துஆவும் மனதுக்குத் தெம்பு தரும், விடவேண்டியதில்லை. அதைக் காரணம் காட்டி மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அவர் தயங்கினால், வீட்டார் முதலில் பேசி விவரம் கேட்கலாம்.