கையெழுத்துக்கு முன்

அன்புள்ள அடையாறு தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குருவானவர் ஒருவரைக் கேலி செய்யும் படத்துக்குத் தடை கேட்டு உங்கள் அன்பியத்தின், அதாவது அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களின், வாட்ஸ்அப் குழுவில் மனு சுற்றுகிறது, கையெழுத்துப் போடாதவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதை நாம் ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம். 2006-இல் 'தி டாவின்சி கோட்' படம் வந்தபோது நம்மவர்கள் கொதித்தார்கள். தணிக்கை வாரியம் 'ஏ' சான்றிதழ் கொடுத்து, இது கற்பனைக் கதை என்ற அறிவிப்பையும் போடச் சொல்லியிருந்தது. அப்படியும் கலைஞர் அரசு ஜூன் 1 அன்று தமிழ்நாட்டில் அதற்குத் தடை போட்டது. ஆட்சிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நமக்கு ஒரே சந்தோஷம். சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தடையை ரத்து செய்தார். தணிக்கை முடிந்த படத்தை யாரோ எதிர்க்கிறார்கள் என்பதற்காக அரசு நிறுத்த முடியாது. 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொன்னதுதான் இது.

தடையால் நடந்தது ஒன்றுதான். அந்தப் படத்துக்கு மூலமான நாவலைக் கேள்விப்பட்டிராதவர்கள்கூட பாண்டி பஜார் நடைபாதையில் கள்ள அச்சுப் பிரதிக்குப் பேரம் பேசினார்கள். கி.பி. 325-இல் நிசேயாவில் ஓட்டெடுத்துத்தான் இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்கிறது அந்தக் கதை. அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே பவுல் தன் கடிதங்களில் அவரை 'ஆண்டவர்' என்று எழுதிவிட்டார். இதை நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் ஒரு மணி நேரத்தில் சொல்லியிருக்கலாம். எத்தனை பங்குகளில் சொன்னோம்? மனு எழுதுவது சுலபம், பாடம் நடத்தத்தான் படிக்க வேண்டும்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. அந்தப் படத் தடைக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2002 அக்டோபரில், ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் மதம் மாறினால் சடங்கை நடத்தியவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மீறினால் சிறை, அபராதம். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று ஒரு மேடையில் ஏறாதவர்கள் எல்லாம் சேர்ந்து நின்றோம். முஸ்லிம்களும் தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் நம்மோடு நின்றார்கள். ஒருவன் எதை நம்புவது என்பதில் சர்க்கார் தலையிடக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவைக் காட்டிப் பேசினோம். 2004 தேர்தலில் படுதோல்வி அடைந்த பிறகு அந்த அம்மையார் சட்டத்தைத் திரும்பப் பெற்றார். அப்படிப் பேசிய நாமே, இரண்டே ஆண்டுகளில், ஒருவன் எந்தப் படத்தைப் பார்ப்பது என்பதில் தலையிடும்படி அதே சர்க்காரிடம் போய் நின்றோம்.

மத உணர்வைப் புண்படுத்தினால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறதே என்று உங்கள் குழுவில் யாரோ எழுதியிருக்கிறார்களாம். 2021 ஜூலையில் அருமனையில் பேசியதற்காகக் குமரி மாவட்டப் பாதிரியார் ஜார்ஜ் பொன்னையா கைதானது அதற்கென அன்று இருந்த 295ஏ பிரிவிலும்தான். உயர் நீதிமன்றமும் அதை நீக்க மறுத்தது. அவர் பேச்சை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் நாம் கூர்தீட்டிக் கொடுக்கும் கத்தி யார் கைக்குப் போகும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை.

சாந்தோம் பேராலயம் கபாலீசுவரர் கோயில் இருந்த இடம் என்று மயிலாப்பூர் நண்பர் சொன்னால் என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதுள்ள கட்டடம் 1896-இல் முடிந்தது, பிரிட்டிஷ் காலத்தது. பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஏற்கிறார்கள். 'அப்படி நடந்திருந்தால் அது அநியாயம்தான்' என்று சொல்வதில் நமக்கென்ன நஷ்டம்? நாம் போர்த்துகீசியருக்கு வக்கீல் இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் கூடும் கூட்டத்தில் எத்தனை பேர் நெற்றியில் விபூதியோடு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் நாம் போடும் சண்டை அவர்களோடும்தான்.

எதற்குமே கொதிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணத்தைத் தனியே ஒதுக்க நம்மவர்களே சுவர் எழுப்பினார்கள். எந்தச் சினிமாக்காரனும் நம் விசுவாசத்தை அந்த அளவுக்குக் கேவலப்படுத்தியதில்லை. கிறிஸ்தவராக மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது என்னும் 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின் விதியும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

ஆகவே அந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம். படத்தைப் பாருங்கள்; பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள், நம் பத்திரிகையிலேயே போடுகிறேன். அடுத்த அன்பியக் கூட்டத்தில் அந்தக் கல்லறைச் சுவரையும் 1950 ஆணையையும் பற்றி ஒரு மனு நீட்டிப் பாருங்கள். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்