புதுக் குழல் வாங்குமுன்

புல்லாங்குழலில் சுருதி விலகினாலும் நாதம் கம்மினாலும் பழி பெரும்பாலும் மூங்கிலின் மேல்தான் விழுகிறது. அதற்குத் துணைபோகும் ஐந்து நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: மூச்சைக் கொட்டி ஊதினால்தான் நாதம் பெருகும்.

உண்மை: அழுத்தி ஊத ஊத சுருதி ஏறும், இன்னும் அழுத்தினால் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். உதட்டிலிருந்து வரும் காற்றுத்தாரை வாய்த்துளையின் எதிர் விளிம்பில் மோதி, உள்ளும் வெளியுமாக மாறி மாறி அலைவதால்தான் ஒலி பிறக்கிறது. தாரை மெலிந்து விளிம்பில் சரியாகப் பட்டால் கொஞ்சம் மூச்சிலேயே நாதம் திரளும். சிதறினால் 'உஸ்' என்ற இரைச்சல்தான். தார ஸ்தாயிக்கு உதட்டு இடைவெளியைச் சுருக்குங்கள். காற்றின் வேகம் கூடும்.

நம்பிக்கை: துளைகள் கணக்காக அமைந்த குழலில் சுருதி தானாகச் சேரும்.

உண்மை: குழலை உட்பக்கம் உருட்டி, கீழுதட்டால் வாய்த்துளையைக் கூடுதலாக மூடினால் சுரம் இறங்கும், வெளிப்பக்கம் உருட்டினால் ஏறும். இந்த வித்தியாசம் அரைச்சுரம் வரைகூடப் போகும். குழல் செய்பவர் எவ்வளவு கணக்காகத் துளையிட்டாலும் மீதியை உதடுதான் முடிக்க வேண்டும்.

நம்பிக்கை: வீட்டில் சேர்ந்த குழல் சபாவிலும் சேரும்.

உண்மை: ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர், 30 டிகிரியில் 349 மீட்டர். குழலுக்குள் இருக்கும் காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்தால் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஏசி அரங்கில் வாசிக்குமுன் துளைகளை மூடிக்கொண்டு, ஓசையெழாமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே செலுத்துங்கள்.

நம்பிக்கை: செல்பேசிச் செயலியில் பச்சை எரிந்தால் சுருதி சுத்தம்.

உண்மை: இத்தகைய செயலிகள் பொதுவாக ஸ்தாயியை 12 சம பங்காக்கிய மேற்கத்திய அளவில் பார்க்கின்றன. அரைச்சுரத்தை 100 சென்ட் என்று கொண்டால், பஞ்சமத்தில் அது 2 சென்ட்தான் பிசகும். அந்தர காந்தாரத்திலோ, தம்புராவின் ஷட்ஜத்திலிருந்து தானாக எழும் காந்தாரம் செயலி கேட்கும் இடத்துக்கு 14 சென்ட் கீழே நிற்கிறது. பச்சையை நம்பினால் தம்புராவோடு உரசும். காதை நம்புங்கள்.

நம்பிக்கை: துளைக் கருவியில் வாய்ப்பாட்டின் கமகம் வராது.

உண்மை: புல்லாங்குழல் கலைஞர் 'மாலி' என்ற டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) வாசித்தே இதைப் பொய்யாக்கினார். விரலைச் சட்டென்று தூக்காமல் உருட்டித் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால், இரு சுரங்களுக்கு இடையே உள்ள வழி முழுவதும் ஒலிக்கும்.

இனி ஒரு பயிற்சி. தம்புராவை ஒலிக்கவிட்டு, முதல் இரண்டு துளைகளை மூடி ஷட்ஜத்தைப் பிடியுங்கள். மெல்லத் தொடங்கிப் பெருக்கி, மறுபடி தேயவிடுங்கள். தேயும்போது சுருதி இறங்கப் பார்க்கும். உதட்டால் தாங்கி நிறுத்துங்கள். இது வசப்படுமுன் புதுக் குழல் வாங்குவது வீண் செலவு.