கைக்குட்டை தடுக்காத தூசி

(பத்தாம் வகுப்பு மாணவி)

உணவின்றிச் சில வாரங்களும், நீரின்றிச் சில நாட்களும் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. இது கீழ்வகுப்பிலேயே நாம் படித்த பாடம். அதன் பொருளை எங்களுக்கு உணர்த்தியவள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி.

சென்ற மார்கழியில் காலை வழிபாட்டின்போது அவள் அடிக்கடி மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். உடற்பயிற்சி வகுப்புக்குப் பயந்து நடிக்கிறாள் என்றே எங்களில் பலர் எண்ணினோம். ஆஸ்துமா என்று மருத்துவர் சொன்னபின் வெட்கப்பட்டோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டே இதை எழுதுகிறோம்.

ஒரகடத்திலிருந்து அப்பாவின் வண்டியில் வருபவள் அவள். அந்தச் சாலையை நம் பெற்றோர் நன்கு அறிவர். புதிய கார்களை ஏற்றிய நீண்ட லாரிகள், ஜல்லி லாரிகள், ஷிப்டுக்கு ஆளேற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள்! வண்டியில் செல்வோர் எல்லாரும் முகத்தில் கைக்குட்டையோ துப்பட்டாவோ கட்டியிருப்பார்கள். அவளும் கட்டியிருந்தாள். பின் ஏன் மூச்சுத் திணறியது?

தூசி ஒரே வகை அன்று. நம் தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் மண்புழுதியைத் துணியும் தடுக்கும், மூக்கும் தடுக்கும். டீசல் புகையில் உள்ள துகள்களோ 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. அவற்றில் பெரும்பகுதி துணியைக் கடந்து, நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்றுவிடும். ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்கள் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மிகக்கூடாது என்பது 2009-இல் இந்தியா வகுத்த அளவு. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய அளவு 15 மட்டுமே.

நாங்கள் இரண்டு வெள்ளை அட்டைகளில் வாசலின் தடவி, ஒன்றைச் சாலைப்பக்க ஜன்னலிலும் மற்றொன்றைப் பின்புற வேப்பமரத்தடியிலும் ஒரு வாரம் தொங்கவிட்டோம். (முதலில் கட்டியதைக் காகம் கொத்திக்கொண்டு போயிற்று!) சாலைப்பக்க அட்டை பழுப்பேறியது, மற்றது ஏறக்குறைய வெளுப்பாகவே இருந்தது. ஆனால் அட்டை காட்டியது புழுதியைத்தான். நுண்துகள் அதில் தெரியாது.

குளிர்காலக் காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலுள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும். பானைக்கு மூடி போட்டாற்போல் புகை கீழேயே தங்கும். 2018 ஜனவரி 13, போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமானங்களையே நிறுத்தின அல்லவா? வெயில் ஏறினால்தான் மூடி விலகும். ஆகவே மார்கழி, தை மாதங்களில் உடற்பயிற்சியை மாலைக்கு மாற்றும்படி சிஸ்டரிடம் வேண்டினோம், இசைந்தார்கள். வழிபாடும் வேப்பமரப் பக்கம் நடக்கிறது. வகுப்பை வெறும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறோம்.

தோழி இப்போது என்-95 முகக்கவசம் அணிந்து வருகிறாள். அது நுண்துகளில் நூற்றுக்கு 95 பங்கைத் தடுக்கும், ஆனால் கன்னத்தோடு இறுகப் படிந்தால் மட்டுமே. வாயுக்களைத் தடுக்காது, மருத்துவர் தந்த இன்ஹேலருக்கு மாற்றும் ஆகாது. எண்ணெய் தடவிய தலையில் அதன் பட்டை நழுவி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பட்டையை உச்சியிலும், மற்றொன்றைப் பின்னலுக்கு அடியில் கழுத்திலும் மாட்டினால் நிற்கிறது என்று அவளே கண்டுபிடித்தாள்.