கதிரொளியும் கம்பி இணைப்பும்

நுழையும்முன்

மின்கம்பி எட்டாத மலைச்சரிவிலும் கதிரவன் ஒளி எட்டுகிறது. அவ்வொளியை விளக்கொளியாக்கச் சூரிய மின்தகடுகள் மட்டும் போதா. அவற்றை இணைக்கும் முறையையும் அறிதல் வேண்டும்.

சேலம் மாவட்டம், ஏற்காட்டை அடுத்த மலையுச்சியில் 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த குகைக்கோயில் சேர்வராயன் கோயில். திறந்தவெளியான அவ்வுச்சியில் வெயில் தடையின்றி விழும். கீழே காப்பித் தோட்டங்களிலோ சில்வர் ஓக் மரங்கள் நிழல் பரப்பி நிற்கும். இவ்விரு இடங்களுக்கும் ஒரே இணைப்புமுறை பொருந்துமா?

இருவகை இணைப்பு

18 வோல்ட் மின்னழுத்தமும் 5.5 ஆம்பியர் மின்னோட்டமும் தரும் நான்கு தகடுகளைக் கொள்வோம். ஒன்றன் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு பிணைப்பது தொடரிணைப்பு. இதில் மின்னழுத்தம் 72 வோல்ட்டாக உயரும், மின்னோட்டம் மாறாது. நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் பிணைப்பது பக்க இணைப்பு. இதில் மின்னழுத்தம் மாறாது. மின்னோட்டம் 22 ஆம்பியராகும். இரண்டிலும் திறன் 396 வாட்டே.

கம்பியில் கரையும் திறன்

கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன், மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் அமையும். கம்பியின் மின்தடை 0.2 ஓம் எனில், தொடரிணைப்பில் ஏறத்தாழ 6 வாட் இழப்பாகும். பக்க இணைப்பிலோ ஏறத்தாழ 97 வாட் இழப்பாகும். தகடுகள் வீட்டிற்குத் தொலைவில் இருப்பின் தொடரிணைப்பே சிக்கனம். எனினும், உயர் மின்னழுத்தத்தை மின்கலத்திற்கு ஏற்பக் குறைத்துத் தரும் மின்னேற்றக் கட்டுப்படுத்தி அதற்குத் தேவை.

நிழலும் குளிரும்

தொடரிணைப்பில் எல்லாத் தகடுகளிலும் ஒரே மின்னோட்டமே பாயும். ஆதலால் ஒரு தகட்டின்மீது விழும் நிழல் மற்றவற்றையும் தளரச் செய்யும். தகட்டிலுள்ள மாற்றுவழி டையோடு இவ்விழப்பைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது. பக்க இணைப்பில் நிழல்பட்ட தகடு மட்டுமே குன்றும். ஏனையவை தம் பணியைத் தொடரும்.

குளிரில் சிலிக்கான் தகட்டின் மின்னழுத்தம் உயரும். 25 டிகிரி செல்சியஸில் சுமையின்றி 22 வோல்ட் காட்டும் நான்கு தகடுகள் தொடரிணைப்பில் 88 வோல்ட் தரும். 10 டிகிரியில் அது ஏறத்தாழ 92 வோல்ட்டாகும். 90 வோல்ட்டே தாங்கும் கட்டுப்படுத்தியை அங்குப் பொருத்தினால், குளிர்காலக் காலைப்பொழுதொன்றே அதனைப் பழுதாக்கப் போதும்.

ஆகவே திறந்த உச்சிக்குத் தொடரிணைப்பும், மரநிழல் மாறிமாறி விழும் தோட்டத்து வீட்டிற்குப் பக்க இணைப்பும் ஏற்றவை. நிழலும் தொலைவும் ஒருங்கே அமைந்தால், இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு வரிசைகளையும் பக்கமாக இணைக்கலாம். இடமறிந்து இணைப்பதே அறிவு.

கற்பவை கற்றபின்

மேற்கண்ட கலப்பு இணைப்பில் மின்னழுத்தம், மின்னோட்டம், கம்பி இழப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.