வீடியோ பாடம்: பார்த்தால் மட்டும் போதுமா?

2018 முதல் வந்த தமிழ்நாடு அரசுப் பாடப்புத்தகங்களில் ‘க்யூஆர் கோடு’ அச்சிடப்பட்டிருப்பதைப் பெற்றோர்கள் கவனித்திருப்பீர்கள். செல்போனில் ‘தீக்‌ஷா’ செயலியைத் திறந்து அதை ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்துக்குரிய வீடியோ வரும். கட்டணம் கிடையாது. இதயத்தின் நான்கு அறைகளில் இரத்தம் ஓடும் விதத்தைக் கரும்பலகைப் படத்தைவிட அசையும் படம் தெளிவாகக் காட்டிவிடும்.

ஆனால் பார்த்ததெல்லாம் படித்ததாகிவிடாது. மக்தபில் உஸ்தாத் பாடம் கொடுத்ததோடு விடுவதில்லை. மறுநாள் ஒவ்வொரு பிள்ளையிடமும் பாடம் கேட்கிறார். வீடியோவுக்கும் அந்த முறையே பொருந்தும். எனவே எங்கள் மாலை வகுப்பு ஆசிரியைகளிடம் நாங்கள் சொல்லியிருப்பது: சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். “இப்போது என்ன பார்த்தாய்?” என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுத வையுங்கள். திணறினால் அந்த இடத்தை மறுபடியும் போட்டுக் காட்டுங்கள்.

நம் மஹல்லாவில் பல வீடுகளில் ஒரே செல்போன்தான். அதுவும் காலையில் அத்தாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. அதனால் எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடக் கூடாது. பாடங்களை டவுன்லோடு செய்துவைத்த டேப்லெட் மாலை வகுப்பில் இருக்கிறது; தயங்காமல் அனுப்பி வையுங்கள்.

வீட்டில் செல்போன் உள்ளவர்கள் பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் “எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேட்கலாம். அப்படிச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்குப் பாடம் மனதில் நிற்கும்.