கடனோடு கட்டிவிடப்பட்ட காப்பீடு: திருப்பிக் கேட்பது கூடுமா?

இராஜபாளையம் பகுதியில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் சகோதரர் ஒருவர் கேட்ட மஸ்அலா இது. மகளின் நிக்காஹ் செலவுக்காக ஒரு கடன் நிறுவனத்தில் இரண்டு லட்சம் ரூபாய் தனிநபர் கடன் கேட்டிருக்கிறார். கணக்கில் வந்து சேர்ந்ததோ 1,91,000 ரூபாய். மீதி 9,000 எங்கே என்று விசாரித்ததற்கு, "அது இன்ஷூரன்ஸுக்குப் போய்விட்டது; உங்கள் கையெழுத்து இருக்கிறதே" என்று பதில் வந்ததாம். "நான் கேட்கவுமில்லை, எனக்கு யாரும் சொல்லவுமில்லை. இதைத் திருப்பிக் கேட்டால் வட்டிக் காரியத்தில் இன்னும் ஆழமாக இறங்கினவன் ஆவேனா? பொறுமையாக விட்டுவிடுவதுதான் தக்வாவா?" என்பது அவருடைய கேள்வி. இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். வட்டிக்குக் கடன் வாங்குவது ஹராம். அதிலும் நிக்காஹுக்காக வட்டிக் கடன் என்றால், அந்தப் பாவத்தில் வாங்கினவர் மட்டுமல்ல, நிக்காஹை அத்தனை செலவுள்ளதாக ஆக்கி வைத்திருக்கும் மஹல்லாவாசிகளாகிய நாமும் பங்காளிகள். அது தனிப் பாடம். ஆனால் ஒருவர் ஒரு தவறில் விழுந்துவிட்டார் என்பதற்காக, அவருடைய பொருளை அவர் அறியாமல் எடுத்துக்கொள்ள மற்றவருக்கு உரிமை வந்துவிடாது. ஸூரத்துல் பகராவில் வட்டியைக் கடுமையாகக் கண்டிக்கும் தொடரிலேயே, 279-வது ஆயத்தில், தவ்பா செய்த வட்டிக்காரருக்குக்கூட அவருடைய முதல் உண்டு என்றும், அநியாயம் செய்வதும் இல்லை, அநியாயம் செய்யப்படுவதும் இல்லை என்றும் அல்லாஹ் தஆலா தீர்த்திருக்கிறான். வட்டிக்காரருடைய முதலையே காத்துக் கொடுக்கும் மார்க்கம், கடன்பட்டவருடைய ஒன்பதாயிரத்தைக் கைவிடுமா?

இனி விஷயத்துக்கு வருவோம். கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதை அருமை நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் தடுத்ததாக அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூத், திர்மிதி முதலிய கிரந்தங்களில் வருகிறது. இதற்கு ஃபுகஹாக்கள் சொல்லும் காரணம் கவனிக்கத் தக்கது. கடன் தேவைப்படுகிறவன் நெருக்கடியில் இருக்கிறான். அந்த நெருக்கடியைப் பிடித்துக்கொண்டு, வேறு சமயத்தில் அவன் வாங்கவே மாட்டாத ஒன்றை அவன் தலையில் கட்டிவிடலாம். கடன் கொடுத்தவருக்கு அது மறைமுகமான ஆதாயமாகிறது. காப்பீட்டைக் கடனோடு கட்டுவதில் நடப்பது ஏறக்குறைய இதுவே. விற்றுக் கொடுத்தவருக்குக் கமிஷன் உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. கடனை எழுதச் சொல்லும் 2:282 ஆயத்து, திருமறையிலேயே மிக நீளமானது. அதில் பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார் என்று பார்த்தால், கடன் வாங்குகிறவர்! எழுத்தர் எழுதுவார், ஆனால் யார்மீது பொறுப்பு ஏறுகிறதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவருக்கு அறிவோ சக்தியோ போதாவிட்டால் அவருடைய வலீ நீதமாகச் சொல்ல வேண்டும். தன்மீது என்ன ஏறுகிறது என்பது ஒரு சொல் விடாமல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதல்லவா இதன் கருத்து? இன்றோ நாற்பது பக்க ஆங்கிலக் காகிதத்தில் பென்சிலால் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்குகிறார்கள். இப்பொழுது காகிதமும் போய், கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொன்னாலே சம்மதம் ஆகிவிடுகிறது.

"கையெழுத்துப் போட்டுவிட்டேனே, இனி என்ன செய்ய?" என்று சிலர் சோர்ந்து விடுகிறார்கள். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துகொண்டிருந்த ஒரு ஸஹாபிக்கு (ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று உலமாக்கள் குறிப்பிடுகிறார்கள்) நாயகம் (ஸல்) அவர்கள், வாங்கும்போதே ஏமாற்று இல்லை என்று சொல்லிவிடும்படி கற்றுக் கொடுத்தார்கள். மூன்று நாள் வரை வைத்துக்கொள்ளவோ திருப்பிக் கொடுக்கவோ அவருக்கு உரிமை இருந்ததாகவும் ரிவாயத்து உண்டு. கியாருஷ் ஷர்த் என்ற சட்டத்துக்கு இது ஆதாரம். இமாம் அபூஹனீபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இருவரும் இதற்கு மூன்று நாளே எல்லை என்றார்கள். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோர், இருவரும் ஒப்பிக் குறித்த காலமானால் அதற்கு மேலும் கூடும் என்றார்கள். நம் நாட்டுக் காப்பீட்டுச் சட்டத்திலும் இதைப் போன்ற ஓர் உரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். முன்பு பொதுவாக 15 நாளாக இருந்ததை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் 30 நாளாக்கியது. அந்தச் சில நாட்களுக்குரிய காப்புக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஆயுள் காப்பீட்டைக் கூடாது என்றே பெரும்பாலான உலமாக்கள் சொல்லிவரும்போது, கேட்காமலே அதில் மாட்டிவைக்கப்பட்ட முஸ்லிம் இந்த 30 நாளை வீணாக்கலாமா? கடன் வந்த வாரத்திலேயே காகிதங்களைப் பிரித்துப் பாருங்கள்.

போனது 9,000 தானே என்றும் எண்ண வேண்டாம். அந்த ஒன்பதாயிரமும் கடன் கணக்கில் ஏறியிருக்கிறது. உதாரணமாக 14 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை என்று வைத்துக்கொண்டால், அதற்காக மட்டும் மாதம் சுமார் 308 ரூபாய் வீதம், மொத்தம் 11,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டிவரும். கேட்காத பொருளுக்கு விலையும் கொடுத்து, அந்த விலைக்கு வட்டியும் கொடுக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? வங்கிகள் காப்பீட்டை வேறெந்தச் சேவையோடும் கட்டாயமாக இணைக்கக் கூடாது, காப்பீடு எடுப்பது முழுக்க வாடிக்கையாளரின் விருப்பம் என்று ரிசர்வ் வங்கி 2015 ஜனவரியிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. மகளிர் குழுக்களுக்குக் கொடுக்கும் சிறுகடன் பற்றிய 2022 மார்ச் உத்தரவில், கடனல்லாத எதை விற்பதானாலும் முழுச் சம்மதம் வேண்டும், அதன் கட்டணம் கடன் அட்டையிலேயே தெளிவாக இருக்க வேண்டும் என்று உள்ளது. வீட்டுப் பெண்கள் அந்த அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் புதிய தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும். அது கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். காப்பீட்டுக் கட்டணம் அதில் ஏறியிருக்க வேண்டும். அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது. ஆகவே முதலில் தேட வேண்டியது இந்தத் தாளைத்தான். தரவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

கேட்பதை வாயால் கேட்டால் வாயாலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரு தாளில் தமிழிலேயே எழுதலாம்: கடன் எண், பிடித்த தொகை, அது பற்றித் தனக்குச் சொல்லப்படவில்லை என்பது, பாலிசியை ரத்துச் செய்து பிடித்த தொகையையும் அதற்காகக் கட்டிய வட்டியையும் திருப்பித் தர வேண்டும் என்பது. இவ்வளவு போதும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு ஒன்றும், காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒன்றும் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். 30 நாள் ஆகியும் பதிலில்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால், கடன் கொடுத்தவர் மீது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரத்துக்கு 14448 என்ற எண். காப்பீட்டுக் கம்பெனி மீதானால், அது மறுத்த ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

நம் பகுதியாருக்கு இன்னொரு வசதியும் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருந்தாலும், மாவட்ட நீதிமன்றமும் நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பால்கோவா வாங்கப் போகிற தூரம்! 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், முறையிடுகிறவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதுமில்லை. காலம் இரண்டு ஆண்டு. ஆனால் ஒரே விவகாரத்தை ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் வைக்கக் கூடாது. குறைதீர்ப்பாளரா ஆணையமா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சிறு தொகைக்காகப் பெரிய நிறுவனங்களோடு மோதி ஜெயிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே கடனோடு சேர்த்து இப்படிப்பட்ட காப்பீட்டைக் கோடிக்கணக்கில் விற்றிருந்தார்கள். வேலை போனால் பணம் வரும் என்ற பாலிசியை, சொந்தத் தொழில் செய்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும்கூட விற்றார்கள்! திருப்பித் தரச் சொன்ன விதிகளை எதிர்த்து வங்கிகளின் சங்கம் நீதிமன்றம் போய் 2011 ஏப்ரலில் தோற்றது. 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பெண்மணியின் வழக்கில், அவர் கட்டிய பிரீமியத்தில் 71.8 சதவீதம் கமிஷனாகவே போயிருந்தது அம்பலமாயிற்று. 2019 ஆகஸ்ட் 29 வரை கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை மொத்தம் 3,800 கோடி பவுனுக்கும் மேல். முறையிட்டவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்தார்.

அங்கே நடந்த வேறொன்றையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. வாங்கித் தருகிறோம் என்று தரகர்கள் புறப்பட்டுப் பெரும் பங்கைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். காப்பீடே எடுக்காதவர்கள் பெயரிலும் முறையீடுகள் போயின. நம்மவர் இதில் பேணுதலாக இருக்க வேண்டும். காப்பீட்டை விளக்கிச் சொல்லி, தெரிந்தே சம்மதித்தவர், "சொல்லவே இல்லை" என்று எழுதுவது பொய்ச் சாட்சியம். அப்படிப்பட்டவர் 30 நாள் உரிமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பொய்யைப் பயன்படுத்தக் கூடாது. முறையீடு நடக்கும்போது மாதத் தவணையை நிறுத்திவிடவும் வேண்டாம். அசல் கடன் நம்மீதுள்ள ஹக்கு.

கடனாளி மௌத்தாகிவிட்ட வீடுகளுக்கும் ஒரு சொல். கணவர் பெயரில் இப்படியொரு காப்பீடு இருப்பதே தெரியாமல், இத்தாவில் இருக்கும் பெண் நகையை விற்றுத் தவணை கட்டிவிடக் கூடும். காகிதத்தைப் பாருங்கள், இருந்தால் மீதிக் கடனை அதிலிருந்து தீர்த்துக்கொள்ளும்படி எழுதிக் கேளுங்கள். அவர்களே கட்டிய முடிச்சை அவர்களே அவிழ்க்கச் சொல்வதில் வாரிசுகள் தயங்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கேட்ட சகோதரருக்கு மஸ்அலாவின் முடிவு: திருப்பிக் கேட்பது கூடும். பிடித்த 9,000-மும், அதற்காக அவர் கட்டிய வட்டியும் அவர் கையிலிருந்து போனவை. திரும்பி வந்தால் அவருடைய பொருளே. போக்குவரத்து, தபால் ஆகிய உண்மைச் செலவுக்குக் கொடுப்பதையும் வாங்கிக்கொள்ளலாம். ஆணையம் அதற்கு மேலும் வட்டி என்று சேர்த்துக் கொடுத்தால், அதை அங்கேயே விட்டுவிடாமல் வாங்கி, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். தாம் பட்ட கடனை அடைப்பதற்கு அந்த மேல்தொகையைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.